சக்கரத்தின்மேல் ஓர் இல்லறம்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இளைஞர் மன்றத்து மேடையில் ஏறுகின்றவர்கள் இளைஞர் கடமை, இளைஞர் எதிர்காலம் என்று பேசுவதுதான் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ முதியோர் செய்யும் நெடும்பயணம். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிவிட்டு, அல்லது வீட்டையே கூட இழுத்துக்கொண்டு, ஊர் ஊராகச் செல்வதைப்பற்றிச் சிறிது சிந்திக்க விரும்புகின்றோம். "இளைஞனுக்கு இது ஏன்?" என்று யாரும் கேட்கலாம். முதியோர் பயணம் போவதும் போகாமல் விடுவதும் பெரும்பாலும் இளையோர் கையிலேதான் இருக்கின்றது என்பதே எமது விடை. அதனைப் பின்னர் விளக்குவோம்.

மேல்நாடுகளில் ஒருவகை வண்டி உண்டு. மோட்டார் வாகனத்தின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது. உள்ளே கட்டில் இருக்கும், அடுப்பு இருக்கும், தண்ணீர்த் தொட்டியும் விளக்கும் அலமாரியும் இருக்கும். எங்கே பொழுது சாய்கின்றதோ அங்கே நிறுத்தி, சமைத்து, உண்டு, உறங்கி, விடிந்ததும் மறுபடி புறப்படலாம். ஓய்வு பெற்ற முதியோர் பலர் இவ்வாறான வண்டியொன்றை வாங்கிக்கொண்டு மாதக்கணக்காய், சிலர் ஆண்டுக்கணக்காய், வீதியிலேயே வாழ்கின்றனர்.

இவ்வழக்கத்தைப் பெரிதாக்கியோருள் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவரை முதலிலே குறிப்பிடல் வேண்டும். அவர் பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராக இருந்து விலகியவர். 1885ஆம் ஆண்டில், மரத்தாலான வீட்டு வண்டியொன்றைச் செய்வித்து, அதில் இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்கொத்லாந்தின் வடக்கிலுள்ள இன்வெர்னெஸ் வரை சென்றார். வண்டிக்கு அவர் இட்ட பெயர் 'அலைந்து திரிபவன்' என்று பொருள்படும். மோட்டார் பெருகியபின் குதிரை போயிற்று; வீடு நின்றது.

அமெரிக்காவிலே வோலி பயம் என்பவர் 1931இல் எயர்ஸ்ட்ரீம் என்னும் நிறுவனத்தை ஆரம்பித்து, அலுமினியத் தகட்டாலே இத்தகைய வீட்டு வண்டிகளைச் செய்தார். செய்து விற்றதோடு அவர் அமையவில்லை. வாங்கியவர்களைக் கூட்டமாய்ச் சேர்த்துக்கொண்டு நெடும்பயணங்கள் நடத்தினார். 1951இல் மெக்சிக்கோப் பக்கம் போனார்கள். 1959இல் ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுனிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு எகிப்தின் கெய்ரோ நகரை அடைந்தார்கள். சேறும் மணலும் ஆறும் கடந்து போன அக்கூட்டத்திலே ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் இருந்தனர். வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருக்கவேண்டிய வயதென்று நாம் கருதும் வயதிலே அவர்கள் சேற்றிற் புதைந்த சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

ஜெர்மானியர் ஒருவரின் கதை இன்னும் வியப்பானது. குந்தர் ஹோல்டோர்ப் என்பவர் விமானக் கம்பனிகளிலே உயர்ந்த பதவி வகித்தவர். 1988இல் வாங்கிய ஒரே மெர்சிடிஸ் ஜீப்பில், துணைவியார் கிறிஸ்டினாவோடு உலகைச் சுற்றினார். விடுதிகளை நாடாது, வண்டிக்குள்ளேயே மெத்தை விரித்துப் படுத்தார்கள்; வண்டிப் பக்கத்திலேயே சமைத்தார்கள். 2010இல் அந்த அம்மையார் புற்றுநோயால் காலமானார். கணவர் அவருடைய படத்தை வண்டிக்குள் தொங்கவிட்டுக்கொண்டு மிச்சப் பயணத்தை முடித்தார். 2014இல் பயணம் நிறைவெய்தியபோது அந்த வண்டி ஓடியிருந்த தூரம் ஏறக்குறைய 9 இலட்சம் கிலோமீற்றர். அவ்வண்டி இன்று ஸ்ருட்கார்ட் நகரத்து நூதனசாலையிலே இருக்கின்றது.

இவற்றைக் கேட்டதும், "இதெல்லாம் பணம் படைத்த நாட்டார் செய்யும் வேலை, நமக்கேன்?" என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்காக நம் அயல்நாட்டிலிருந்து ஒரு கதை சொல்வோம். கேரளத்திலே கொச்சி நகரில் விஜயன், மோகனா என்ற தம்பதியர் 'ஸ்ரீ பாலாஜி' என்னும் சிறிய காப்பிக் கடையை நடத்தினார்கள். தேநீர் விற்ற காசிலே நாள்தோறும் ஒரு பகுதியை ஒதுக்கிவைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். பயணம் போய்வந்து, கடையைத் திறந்து, கடனைக் கட்டுவார்கள். கட்டி முடிந்ததும் அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாவார்கள். 2007இல் வெளிநாட்டுப் பயணத்தைத் தொடங்கியவர்கள் இருபதுக்கு மேற்பட்ட தேசங்களைப் பார்த்துவிட்டார்கள். 2021ஆம் ஆண்டில் ருஷியாவுக்குப் போய்வந்த சில நாட்களில், 71 வயதில், விஜயன் காலமானார். அவர்களிடம் வீட்டு வண்டியும் இல்லை, பென்சனும் இல்லை. இருந்ததெல்லாம் கூடிப் போகவேண்டும் என்ற மனம் ஒன்றே.

சபையோரே! நாம் கிறித்தவப் பாடசாலையிலே கல்வி கற்றவர்கள். இந்து மன்றத்து மேடையில் அதைச் சொல்லக் கூசவேண்டியதில்லை. நமது அயலூராகிய காரைதீவிலே 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகளும் அத்தகைய பாடசாலைகளிலே படித்தவர்தாம். அங்கே வேத பாடத்தில் நாம் கேட்ட கதைகளுள் மறக்க முடியாதது ஆபிரகாமின் கதை. ஊரையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு என்று இறைவன் கட்டளையிட்டபோது அவருக்கு வயது 75. மனைவி சாராளுக்கு 65. கூடாரத்தைச் சுருட்டி ஒட்டகத்திலே ஏற்றிக்கொண்டு, கானான் தேசம் நோக்கி இருவரும் நடந்தார்கள். சம்மாந்துறையிலே நம்மோடு வாழும் முஸ்லிம் சகோதரர்கள் அவரையே இப்றாஹீம் நபி என்று போற்றுகின்றார்கள். ஹஜ்ஜுக்குப் போகும்போதும் அவர் நினைவு அவர்களோடு செல்கின்றது. மூன்று பெரிய சமயங்கள் தம் மூதாதை என்று கொண்டாடுகின்ற மனிதர், முதுமையில் மனைவியோடு வீதிக்கு வந்த ஒருவர் என்பதைக் கவனிக்கவேண்டும்.

நமது சமயமோ இதனை ஒரு மனிதரின் கதையாக விடவில்லை. வாழ்க்கையின் ஒரு படியாகவே வகுத்துவைத்தது. பிரமசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்பன நான்கு நிலைகள். தோல் சுருங்கி, தலை நரைத்து, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததைக் கண்டபின் வீட்டுப் பொறுப்பை மக்களிடம் ஒப்புவித்துவிட்டு வனம் நோக்கிச் செல்க என்பது தருமநூல்களின் விதி. மனைவியை மக்களிடம் விட்டுச் செல்லலாம், உடனழைத்தும் செல்லலாம். தமிழிலே தொல்காப்பியமும், மக்களோடு நிறைந்த வாழ்வின் கடைநாளிலே தலைவனும் தலைவியும் சிறந்த அறத்திலே பயில்வதை இல்லறத்தின் பயனாகக் கற்பியலில் வைத்துள்ளது. ஆகவே இளைப்பாறிய தம்பதியர் கூடிப் பயணம் போதல் நேற்று வந்த நாகரிகமன்று.

ஆனால், அவர்கள் கேட்டவுடன் வீட்டார் வழிவிட்டார்களா? இங்கேதான் மகாபாரதத்திலே நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய ஓரிடம் வருகின்றது. போர் முடிந்து 15 ஆண்டுகள் கழிந்தபின், கண்ணிழந்த திருதராட்டிரன் காந்தாரியோடு கானகம் செல்ல விடை கேட்கின்றான். தருமபுத்திரரோ விடைகொடுக்க மறுக்கின்றார். பெரியவரைத் துன்பப்படவிட்டு நாம் அரண்மனையில் இருப்பதா என்று வருந்துகின்றார். அது அன்பினால் வந்த மறுப்பு, ஆயினும் மறுப்புத்தான். வியாசர் வந்து, "போகவிடு" என்று சொன்ன பிறகே தருமர் இசைகின்றார். அவர்களோடு குந்திதேவியும் புறப்பட்டபோது பிள்ளைகள் அழுது தடுக்கின்றார்கள், தாய் திரும்பவில்லை. சில காலத்தின்பின் பாண்டவர் காட்டுக்குச் சென்று அவர்களைக் கண்டு வருகின்றார்கள். பின்னொருநாள், முதியோர் காட்டுத்தீயிலே உயிர்நீத்தார்கள் என்ற செய்தியை நாரதர் கொண்டுவருகின்றார்.

வியாசர் இந்த முடிவை மறைத்து எழுதவில்லை. வயோதிபர் பயணம் போனால் ஆபத்து வரலாம் என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். அறிந்திருந்தும், போகவிடுவதே அறம் என்றார்கள். அன்பின் பெயரால் ஒருவரை வீட்டிலே அடைத்துவைப்பது அன்பாகாது என்று தருமருக்கே ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது என்றால், நமக்குச் சொல்லவேண்டியதில் வியப்பென்ன?

இனி நம் மண்ணுக்கு வருவோம். நாம் வாழும் ஊரின் பெயரே பயணத்தின் பெயர்தான். சம்மான் என்னும் மரக்கலங்கள் வந்து தங்கிய துறை ஆதலின் சம்மாந்துறை ஆயிற்று என்று பெரியோர் கூறுவர். பக்கத்திலே வீரமுனையில் எழுந்தருளியிருப்பவர் சிந்தாயாத்திரைப் பிள்ளையார். அவர் பெயரிலும் யாத்திரை இருக்கின்றது. சோழர் குலத்துச் சீர்பாததேவியும் அவள் கணவன் வாலசிங்க மன்னனும் கப்பலேறி வருகையில், திருக்கோணமலைக் கடலிலே கப்பல் அசையாது நின்றதென்றும், கடலிலே இறங்கிப் பார்த்தபோது பிள்ளையார் திருவுருவம் கிடைத்ததென்றும், கப்பல் எங்கே கரைசேர்கின்றதோ அங்கே கோயில் எடுப்பதாக அரசி நேர்ந்துகொண்டாளென்றும், அது வீரமுனையிலே வந்து நின்றதென்றும் ஐதீகம். தம்பதியர் இருவர் கூடிச் செய்த பயணத்தின் முடிவிலே எழுந்த கோயில் அது. அந்தக் கோயிலின் நிழலிலே இருந்துகொண்டு பயணம் நமக்குரியதன்று என்று சொல்லலாமா?

நம் நாட்டிலே வீட்டு வண்டிப் பயணத்துக்கு மிகக் கிட்டியது எது என்று கேட்டால், கதிர்காம யாத்திரை என்றே விடை சொல்வோம். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருக்கோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாக நம்முடைய கல்முனைக் கரையை அடைகின்றார்கள். காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை என்று வழி நீள்கின்றது. உகந்தை முருகனைத் தரிசித்தபின் காடு. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று ஐந்தாறு நாள் காட்டிலே நடந்து, மாணிக்க கங்கையிலே நீராடிக் கதிர்காமத்தை அடைவார்கள். ஆடி மாதத் திருவிழாவுக்கு அது கணக்கு.

மோட்டார் வீதி கதிர்காமத்தை எட்டுவதற்கு முந்திய நாள்களில், நம் பகுதியிலிருந்து போகின்ற குடும்பங்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவது வழக்கம். பெரியவர்கள் சொல்லக் கேட்டதைச் சொல்கின்றோம். வண்டிக்குக் கிடுகாலே கூடாரம் போட்டிருக்கும். உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பன்பாய் விரித்திருக்கும். அரிசி, அவல், சர்க்கரை, தேங்காய், புளி, உப்பு, கொச்சிக்காய் ஆகியவை சாக்கிலும் பெட்டியிலும் கட்டியிருக்கும். சட்டி பானை ஒரு மூலை. மண்ணெண்ணெய் விளக்கு கூடாரத்து வளையிலே தொங்கும். தண்ணீர்க் குடம் பின்புறம். காட்டுக்கத்தி வண்டிக்காரனின் கைக்கெட்டிய இடத்திலே. அச்சுக்கு எண்ணெய், மாட்டுக்குப் புண்ணாக்கு. பாட்டனாரும் பாட்டியாரும் நடக்க முடிந்த அளவு நடப்பார்கள். முடியாதபோது வண்டிக்குள் ஏறிக்கொள்வார்கள். பொழுது பட்டதும் மரத்தடியிலே மாட்டை அவிழ்த்துவிட்டு, கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, சோறு பொங்கிச் சாப்பிட்டு, அரோகரா என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்கள்.

தோழர்களே! சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டில், அடுப்பு, தண்ணீர், விளக்கு, அலமாரி என்று அமெரிக்க வண்டியிலே எவையெல்லாம் உண்டோ, அவையெல்லாம் அந்தக் கிடுகு வண்டியிலும் இருந்தன. இழுப்பதற்கு இயந்திரத்துக்குப் பதிலாக இரண்டு எருதுகள் இருந்தன. அவ்வளவே வேற்றுமை. இன்னொரு வேற்றுமையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்க வண்டியிலே இருவர் தனித்துப் போகின்றார்கள். நம் வண்டியோ கூட்டத்தோடு போயிற்று. ஒருவர் வண்டி அச்சு முறிந்தால் பத்து வண்டி நின்றது.

அந்த வழி எப்போதும் இலகுவாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தினால் பிரித்தானிய அரசு யாத்திரிகர்மேல் கட்டுப்பாடுகள் விதித்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையிலே உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ப் என்னும் ஆங்கில எழுத்தாளர், திருவிழாக் காலத்தில் கதிர்காமத்துக்குச் சென்று யாத்திரிகரின் சுகாதாரத்தையும் ஒழுங்கையும் மேற்பார்வை செய்யவேண்டியிருந்தது. பின்னர் வீதியும் பஸ்ஸும் வந்தன. எளிதாகப் போக வழி பிறந்ததும் நடப்போர் குறைந்தனர். அதன்பின் யுத்தம் வந்தது. குமண வனம் 1985 முதல் 2003 வரை பார்வையாளருக்கு மூடப்பட்டிருந்தது. 1980களிலே தடைப்பட்ட பாதயாத்திரை 1988இல் மறுபடி உயிர்பெற்றது. 1972இல் ஜெர்மன் சுவாமி என்று மக்கள் அழைத்த கௌரிபாலா சுவாமியாரோடு அவ்வழி நடந்திருந்த பற்றிக் ஹரிகன் என்னும் அமெரிக்க அன்பர் அதற்குத் துணைநின்றார். அந்த ஆண்டுகளில் நம் பகுதி கண்ட துயரங்களை இங்குள்ள பெரியோருக்கு நாம் எடுத்துரைக்கவேண்டியதில்லை. அவற்றுக்கு நடுவிலும் அந்த அடிச்சுவடு அழியவில்லை என்பதையே நினைவூட்டுகின்றோம்.

இன்றோ வழி திறந்திருக்கின்றது. ஆண்டுதோறும் காட்டுப் பாதையைக் குறித்த சில நாள்களுக்கு அரசினர் திறந்துவிடுகின்றனர். ஆயிரமாயிரம் பேர் நடக்கின்றார்கள். ஆனால் நம் வீடுகளிலே இளைப்பாறிய தாய் தந்தையருள் எத்தனை பேர் போகின்றார்கள்? போக விருப்பமில்லையா? விருப்பம் உண்டு. கேட்பதில்லை. கேட்டாலும் நாம் விடுவதில்லை.

ஏன் விடுவதில்லை என்பதை ஒளிக்காமல் ஆராய்வோம். "வழியில் ஏதும் நடந்துவிட்டால்?" என்பது நாம் சொல்லும் முதற் காரணம். அதிலே உண்மை உண்டு. யானை உண்டு, வெயில் உண்டு, தண்ணீர்ப் பஞ்சம் உண்டு, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. ஆனால் சொல்லாத காரணங்களும் உண்டு. மகன் கொழும்பிலே, மகள் மத்திய கிழக்கிலே. பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்பவர் யார்? தகப்பனார். தண்ணீர்க் கட்டணத்துக்கு வரிசையில் நிற்பவர் யார்? தகப்பனார். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் யார்? தாயார். அரசாங்கம் அவர்களுக்கு ஓய்வு கொடுத்தது; நாம் சம்பளமில்லாத உத்தியோகம் கொடுத்துவிட்டோம். இளைப்பாறியவர் என்று பெயர், இளைப்பாற இடமில்லை.

தாய்மாரைப்பற்றித் தனியே ஒரு சொல். தகப்பனாருக்காவது அறுபது வயது வந்தால் கந்தோர் கதவு மூடிக்கொள்கின்றது. அடுக்களைக் கதவு எந்த வயதிலே மூடுகின்றது? வீட்டு வண்டியிலே அடுப்பும் கூடவே போகின்றது என்று சற்றுமுன் பெருமையாகச் சொன்னோம். அந்த அடுப்பை ஊதுகின்றவள் யார் என்று கேட்க வேண்டாமா? கணவன் காட்சி பார்க்க, மனைவி கஞ்சி காய்ச்சுவாளானால் அவளுக்கு அது யாத்திரையன்று. வேறோர் ஊரிலே செய்யும் வீட்டு வேலை. கூடிப் போவது என்றால் விறகு பொறுக்குவதும் சட்டி கழுவுவதும் கூடித்தான். முன்வரிசைப் பெரியோர்கள் இதனை மன்னித்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பேசிவிட்டுப் போவதோடு அமையாமல், நம் மன்றம் செய்யத்தக்கவை சிலவற்றை முன்வைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, நம் பகுதியில் உழவு இயந்திரமும் அதன் பெட்டியும் இல்லாத கிராமம் இல்லை. வெள்ளாமை வெட்டு முடிந்தபின் பல பெட்டிகள் சும்மா நிற்கின்றன. அதிலொன்றை ஆடி மாதத்துக்கு மன்றம் இரவலாய்ப் பெறலாம். தகரக் கூரையும் பக்கத்துக்குத் திரையும் போட்டு, பலகைத் தட்டிலே மெத்தை விரித்து, தண்ணீர்த் தாங்கியும் மருந்துப் பெட்டியும் வைத்தால் அது நம் ஊர் வீட்டு வண்டி ஆகிவிடும். ஆனால் ஒன்று: ஓடுகின்ற பெட்டியிலே ஆள் ஏற்றக் கூடாது. பெட்டி கவிழ்ந்த செய்திகளை நாம் போதுமான அளவு கேட்டுவிட்டோம். ஓடும்போது அது சாமான் சுமக்கட்டும். நிற்கும்போது முதியோருக்கு வீடாகட்டும். நடக்க முடியாதவர் அடுத்த தரிப்புவரை வானிலே வரலாம். உகந்தை வரைக்கும் இந்த ஒழுங்கு போதும். காட்டுக்குள் எதை விடலாம் என்பது வனசீவராசிகள் திணைக்களத்தார் சொல்வதன்படி.

இரண்டாவது, போக விரும்பும் முதியோரை ஒரு மாதம் முன்னரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று பரிசோதிப்பித்து, வழிக்கு வேண்டிய மருந்தைக் கணக்காய் எடுத்துக் கட்டிக் கொடுக்கவேண்டும். இனிப்பு வியாதிக்காரர் பாதம் வெடிக்காமற் பார்த்துக்கொள்வதும் நல்ல செருப்பு வாங்கிக் கொடுப்பதும் பக்திக்கு விரோதமன்று.

மூன்றாவது, இரண்டு முதியோருக்கு ஓர் இளைஞன் என்ற கணக்கிலே துணை போகவேண்டும். சமையல் அவனுடையது. சமைக்கத் தெரியாதவர்கள் இன்றே பழகத் தொடங்கலாம். வழியிலே தூக்கி எறிந்த பிளாஸ்ரிக் போத்தல்களையும் பைகளையும் பொறுக்கித் திரும்பக் கொண்டுவருவதும் அவன் வேலை. யானையும் மானும் குடிக்கும் நீரிலே நமது குப்பை கிடப்பது முருகனுக்கு உவப்பாகாது.

நான்காவது, அவர்கள் போயிருக்கும் நாள்களில் வீட்டைக் காப்பதும் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதும் எஞ்சியிருக்கும் நம்முடைய கடமை. இதுவே எல்லாவற்றினும் கடினமானது என்பதை அறிவோம். பயணம் போகின்றவருக்கு முதலில் வேண்டியது வண்டியன்று. பின்னாலே வீடு குலையாது என்ற நம்பிக்கைதான்.

இன்னொன்றையும் நன்றியோடு குறிப்பிடவேண்டும. யாத்திரிகர் கூட்டம் நம் கரையோர ஊர்களைக் கடந்து செல்லும்போது தண்ணீரும் குளிர்பானமும் கொடுத்து உபசரிப்போருள் முஸ்லிம் சகோதரர்களும் இருக்கின்றார்கள். கதிர்காமத்திலும் முருகன் சந்நிதிக்கு அண்மையிலே பள்ளிவாசல் இருக்கின்றது. கிழுறு நபியின் பெயரால் அவ்விடத்தைப் போற்றுகின்றார்கள். பௌத்தர்களும் அதே தெய்வத்தை வணங்குகின்றார்கள். நால்வகை மனிதரையும் ஒரே ஆற்றிலே இறக்கிக் குளிப்பாட்டும் தலம் அது. ஆகவே நம் பெட்டி வண்டி சம்மாந்துறையிலிருந்து புறப்படும் நாளிலே, அயல் வீட்டு முதியவர் ஒருவர் "நானும் வரட்டுமா, தம்பி?" என்று கேட்டால், அவர் எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் தாயாரையும் தகப்பனாரையும் பக்கத்தில் இருத்தி, "நீங்கள் போகவேண்டும் என்று நினைத்துப் போகாத இடம் எது?" என்று கேளுங்கள். சிதம்பரமாகலாம், காசியாகலாம், திருக்கோணமலையாகலாம், தாயார் பிறந்த ஊராகவும் இருக்கலாம். இத்தனை ஆண்டுகளில் நாம் அதைக் கேட்டதில்லை என்பது அப்போது விளங்கும்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். முழங்கால் ஒத்துழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். திருநாவுக்கரசு சுவாமிகள் முதுமையிலே கயிலையைக் காணப் புறப்பட்டு, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடம்பெல்லாம் தேய்ந்தபின்னும் திரும்ப மறுத்தவர். அவருக்கு ஐயாற்றிலே கயிலைக் காட்சி கிடைத்தது. வீட்டை விட்டுப் புறப்பட்டபடியாலேதான் அது கிடைத்தது என்பதை மறவாதிருப்போமாக.

இளையோர் வழிவிட, முதியோர் வழிநடக்க, இடையிலே நம் மன்றத்தின் சிறிய வண்டியொன்று கூடச் செல்லுமாயின், இவ்வாண்டு விழா எடுத்ததன் பயன் நிறைவேறும். சிந்தாயாத்திரைப் பிள்ளையாரின் திருவருளையும் கதிர்வேலன் திருவருளையும் வேண்டி விடைபெறுகின்றோம்.